டிஷ்ஷைக் கழற்றினால் காசு மிஞ்சுமா? கதிரவெளியிலிருந்து ஒரு கணக்கு

“டிஷ்ஷுக்கு ஏன் மாதம் மாதம் காசு கட்டுகிறீர்கள்? எல்லாம் போனிலேயே வருகிறதே!” இந்தப் புத்திமதி இப்போது கதிரவெளி வரைக்கும் வந்துவிட்டது. கனடாவிலிருந்து விடுமுறையில் வரும் உறவினர் சொல்கிறார். தமிழ்நாட்டு யூடியூபர் சொல்கிறார். போன் கடையில் ரீலோட் போட நிற்கும் இளைஞர்களும் சொல்கிறார்கள். அவரவர் இருக்கும் இடத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் வாகரைப் பக்கத்து வீடொன்றின் வருமானத்துக்கும், இங்கே டேட்டா விற்கும் விலைக்கும், இங்கே ரீவி பார்க்கும் பழக்கத்துக்கும் அதே கணக்குப் பொருந்துமா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சுருக்கமான பதில் இது: டிஷ்ஷில் பார்த்த அளவையே இணையத்திலும் பார்க்கப்போகும் வீட்டுக்குப் பெரும்பாலும் மிச்சம் வராது, செலவுதான் கூடும். குறைவாகப் பார்க்கும் வீட்டுக்கு மிச்சம் வரும். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு எங்கே விழுகிறது என்பதை ஒவ்வொரு வீடும் தானே கணக்குப் போட்டு அறியலாம். அந்தக் கணக்கைப் போடும் வழியே இந்தக் கட்டுரை.

சில நூறு ரூபாவும் ஏன் பெரிது

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டி, கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறது கதிரவெளி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் காடும், நடுவே திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையை அடித்தது. 2006 நவம்பர் 8 அன்று, விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த இடம்பெயர்ந்த மக்கள் மீது எறிகணைகள் விழுந்து 40 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு ஊரே வெளியேறியது.

திரும்பி வந்தவர்கள் கூரையிலிருந்து கரண்டி வரைக்கும் புதிதாகத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. ரீவியும் டிஷ்ஷும் அப்படி வந்தவைதான். பல வீடுகளில் அவை தவணைக்கும் கடனுக்கும் வாங்கப்பட்டவை. இந்த வீடுகளில் மாதச் செலவில் 500 ரூபா கூடுவதும் குறைவதும் சின்ன விடயம் அல்ல. அஸ்வெசும திட்டத்தில் ‘வறிய’ பிரிவில் உள்ள குடும்பத்துக்கு 2025 ஜனவரி முதல் மாதம் 10,000 ரூபா, ‘மிக வறிய’ பிரிவுக்கு 17,500 ரூபா கிடைக்கிறது. டிஷ், டேட்டா, கரண்ட் பில் மூன்றும் சேர்ந்து இதில் எவ்வளவைத் தின்கின்றன என்பதுதான் கேள்வி.

இந்த மூன்றும் 2022 இற்குப் பிறகு கடுமையாக ஏறின. அந்த ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. 2022 செப்டெம்பர் 5 முதல் தொலைபேசி, இணையக் கட்டணங்களை 20 வீதமும், கட்டணத் தொலைக்காட்சியை 25 வீதமும் உயர்த்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதி கொடுத்தது. 8 வீதமாக இருந்த வற் வரி அதே ஆண்டில் 12 ஆகவும் பின்னர் 15 ஆகவும் கூடி, 2024 ஜனவரியில் 18 வீதமானது. டிஷ் பில்லிலும் இந்த வரி இருக்கிறது, ரீலோட்டிலும் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதால் வரியிலிருந்து தப்ப முடியாது.

புத்திமதி வரும் இடங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் கேபிள் ரீவி மிகவும் விலை கூடியது. அங்கே ஒரு குடும்பம் மாதம் 100 டொலர் கேபிளுக்குக் கட்டுவது சாதாரணம். வீட்டு இணையமோ எப்படியும் இருக்கும், பெரும்பாலும் அளவுக் கட்டுப்பாடு இல்லாமல் இருக்கும். ஆகவே கேபிளை நிறுத்தி 15 டொலருக்கு ஒரு செயலி எடுத்தால் மீதி கையில் நிற்கிறது. அங்கேயும் அந்த மிச்சம் இப்போது சுருங்கி வருகிறது. ஒரு செயலி போதாமல் மூன்று, நான்கு எடுக்க வேண்டியுள்ளது, விலைகளும் ஏறிவிட்டன. முன்பு ஒரு பாஸ்வேர்டைப் பல வீடுகள் பகிர்ந்தன. 2023 முதல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு கணக்கை ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும் என இறுக்கிவிட்டது. ரொறொன்ரோவில் இருக்கும் தம்பியின் கணக்கில் இங்கே படம் பார்த்த பலருக்கு அந்த வழி அடைபட்டதும் இதனால்தான்.

தமிழ்நாட்டின் கணக்கு வேறு. 2011 இல் அரசு கேபிள் மாதம் 70 இந்திய ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது. 2016 செப்டெம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டாவும் மலிந்தது. நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி தரும் பொதிகள் அங்கே வழமையாகிவிட்டன. அப்படிப்பட்ட இடத்திலிருந்து பேசுபவருக்கு டேட்டா ஒரு செலவாகவே தெரியாது.

கதிரவெளியில் நிலைமை இந்த இரண்டுக்கும் எதிர்மாறு. டிஷ் கட்டணம் அமெரிக்கக் கேபிளோடு ஒப்பிடக்கூடியதே அல்ல, ஆனால் டேட்டாவை அளந்து வாங்குகிறோம். வாழைச்சேனை, மட்டக்களப்பு நகர்ப் பக்கத்தில் இருப்பதுபோல் ஃபைபர் இணைப்பு இங்கே வீட்டுக்கு வீடு இல்லை. கோபுரத்திலிருந்து வரும் 4ஜி சிக்னல்தான். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தாலும், அப்போது அதன் மாதக் கட்டணமே ‘வறிய’ பிரிவில் உள்ள ஒரு குடும்பத்தின் அஸ்வெசும கொடுப்பனவைத் தாண்டியது.

செலவு செயலியில் இல்லை, டேட்டாவில் இருக்கிறது

‘யூடியூப் இலவசம்’ என்று சொல்வதில் பாதிதான் உண்மை. யூடியூப் காசு கேட்பதில்லை, ஆனால் அதைக் கொண்டுவரும் டேட்டா காசுக்கு வருகிறது. எனவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரு மணித்தியாலம் படம் ஓட எத்தனை ஜிபி போகும் என்பதே.

நெட்ஃபிளிக்ஸ் தன் பாவனையாளர்களுக்குச் சொல்லும் அளவு இது. குறைந்த தரத்தில் மணித்தியாலத்துக்கு 0.3 ஜிபி வரை. நடுத்தரத்தில் 0.7 ஜிபி வரை. எச்டி தரத்தில் 3 ஜிபி வரை. 4கே தரத்தில் 7 ஜிபி வரை. யூடியூபும் மற்றச் செயலிகளும் தரத்துக்கு ஏற்ப இதற்குக் கிட்டத்தட்ட வரும். குறைந்த தரம் போன் திரையில் உறுத்தாது. அதையே 32 அங்குல ரீவியில் போட்டால் முகங்கள் மங்கித் தெரியும். ரீவிக்கு நடுத்தரமாவது வேண்டும்.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பின்னேரச் செய்தி, இரவு நாடகங்கள், இடையில் ஒரு பாட்டு நிகழ்ச்சி என நாளுக்கு 4 மணித்தியாலம் ரீவி ஓடுகிறது. மாதத்துக்கு 120 மணித்தியாலம். இதை இணையத்தில் பார்த்தால்:

குறைந்த தரத்தில் 36 ஜிபி.
நடுத்தரத்தில் 84 ஜிபி.
எச்டி தரத்தில் 360 ஜிபி.

இது ஒரே திரையில் எல்லோரும் சேர்ந்து பார்த்தால் வரும் கணக்கு. அம்மா ஒரு போனில் நாடகமும் மகன் இன்னொரு போனில் கிரிக்கெட்டும் பார்த்தால் இரண்டு மடங்கு. டிஷ்ஷில் பத்துப் பேர் வந்து குந்தியிருந்து பார்த்தாலும், நாள் முழுக்க ஓடினாலும், மாதக் கட்டணம் ஒன்றுதான். டிஷ்ஷுக்கும் இணையத்துக்கும் அடிப்படை வித்தியாசம் இதுவே. டிஷ்ஷில் மாதத்துக்குக் காசு, இணையத்தில் மணித்தியாலத்துக்குக் காசு.

ரூபாவில் பார்த்தால்

பொதிகளின் விலை அடிக்கடி மாறும். அதனால் கீழே உள்ள விலைகளை உதாரணமாக மட்டும் எடுத்து, அந்த இடங்களில் உங்கள் பில்லில் உள்ள எண்ணைப் போடுங்கள்.

டிஷ் மாதக் கட்டணம் 1,200 ரூபா என்றும், ஒரு ஜிபி 30 ரூபா விழுகிறது என்றும் வைப்போம். மேலே சொன்ன வீட்டுக்குக் குறைந்த தரத்தில் 1,080 ரூபா, நடுத்தரத்தில் 2,520 ரூபா, எச்டி தரத்தில் 10,800 ரூபா. போன் திரையில் குறைந்த தரத்தில் பார்த்தால் 120 ரூபா மிஞ்சும். ரீவியில் நடுத்தரத்தில் பார்த்தால் டிஷ்ஷைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும். எச்டி என்றால் ஒரு வறிய குடும்பத்தின் அஸ்வெசும முழுவதும் போய் இன்னும் 800 ரூபா கடன் வைக்கும். இதில் இன்னும் எந்தச் செயலிக்கும் காசு கட்டவில்லை.

காசு கட்டும் செயலி எடுத்தால் அந்தச் செலவு தனி. வெளிநாட்டுச் செயலிகள் பல டொலரில் அறவிடுகின்றன. மாதம் 4 டொலர் என்றால், டொலர் 300 ரூபா எனக் கணக்கிட்டாலே 1,200 ரூபா. அதாவது உதாரணத்தில் உள்ள டிஷ் கட்டணம் அப்படியே. அதற்கு வங்கி அட்டை வேண்டும், வங்கி தன் கட்டணத்தையும் சேர்க்கும். டொலர் ஏறினால் உங்கள் பில்லும் ஏறும். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளையும் வற் வரிக்குள் கொண்டுவரும் திருத்தச் சட்டம் 2025 இல் நிறைவேறியிருப்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

இதையே மறுபக்கம் திருப்பிக் கேட்டால் நல்ல அளவுகோல் கிடைக்கும்: எத்தனை மணித்தியாலம் வரை பார்த்தால் இணையம் மலிவு? நடுத்தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 21 ரூபா போகிறது. 1,200 ரூபாவை 21 ஆல் பிரித்தால் 57 மணித்தியாலம், நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. குறைந்த தரத்தில் மணித்தியாலத்துக்கு 9 ரூபா, ஆகவே நாளுக்கு நாலரை மணித்தியாலம் வரை தாங்கும். எச்டியில் மணித்தியாலத்துக்கு 90 ரூபா, மாதம் முழுக்க 13 மணித்தியாலத்தோடு முடிந்துவிடும். நாளுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும், அதுவும் போனில், செய்தியும் ஒரு நாடகமும் பார்க்கும் வீட்டுக்கு மாதம் 9 ஜிபி, 270 ரூபா போதும். அந்த வீட்டுக்கு டிஷ் உண்மையிலேயே வீண் செலவு.

பில்லில் தெரியாத செலவுகள்

மின்சாரம். 32 அங்குல எல்ஈடி ரீவி சுமார் 50 வாட் எடுக்கும். நாளுக்கு 4 மணித்தியாலம் என்றால் மாதம் 6 அலகு. டிஷ் பெட்டியும் சரி, வைஃபை ரவுட்டரும் சரி, 10 வாட் அளவில் எடுக்கும் சின்னச் சாமான்கள். ஆனால் ரவுட்டரை யாரும் நிறுத்துவதில்லை. 24 மணித்தியாலமும் ஓடினால் மாதம் 7 அலகுக்கு மேல், அதாவது ரீவியைவிடக் கூட. மின்சார சபையின் வீட்டுக் கட்டணத்தில் மாதம் 60 அலகு ஒரு முக்கியமான எல்லை. அதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கட்டண அட்டவணை. 55 அலகில் நிற்கும் வீட்டை ஒரு ரவுட்டர் எல்லை தாண்ட வைத்துவிடும். டிஷ் பெட்டியையும் ரிமோட்டால் மட்டும் நிறுத்தாமல் சுவிட்சில் நிறுத்தினால் அதிலும் சில அலகு மிஞ்சும்.

சாமான். பழைய ரீவியில் இணையம் வராது. அன்ட்ரொய்ட் பெட்டியோ புது ஸ்மார்ட் ரீவியோ வேண்டும். ரவுட்டருக்கும் காசு. டிஷ் ஏற்கெனவே கூரையில் இருக்கிறது, அதற்குக் கொடுத்த காசு போனது போனதுதான். மாறுவதற்குப் புதிதாக 12,000 ரூபா செலவழித்து மாதம் 200 ரூபா மிச்சம் பிடித்தால், போட்ட முதல் திரும்பி வரவே 60 மாதம் எடுக்கும். அந்த முதலைத் தவணைக்கோ நுண்கடனுக்கோ எடுத்தால் மிச்சம் என்று ஒன்றே இருக்காது.

பிள்ளைகளின் டேட்டா. 2020, 2021 இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது டேட்டா இல்லாத பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கினார்கள் என்பதை இந்தப் பகுதிப் பெற்றோருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போதும் பாடக் குறிப்புகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன, சாதாரண தரப் பிள்ளைகள் யூடியூபில் பாடம் பார்க்கிறார்கள். நாடகத்துக்கும் பாடத்துக்கும் ஒரே டேட்டா என்றால், மாதம் 20 ஆம் திகதி அது முடியும்போது இழப்பது பாடமாகத்தான் இருக்கும்.

வயது போனவர்களின் பொழுது. போரில் பிள்ளைகளையும் துணையையும் இழந்து தனித்துப்போன தாய்மார் இந்தப் பகுதியில் பலர். பகலில் அவர்களுக்குப் பேச்சுத் துணை ரீவிதான். ரிமோட்டில் ஒரு பொத்தானை அமர்த்தினால் வசந்தமோ சக்தியோ வந்துவிடும். போனில் செயலி திறந்து, தேடி, விளம்பரம் தள்ளி, டேட்டா பார்த்து இயக்குவது பலருக்கு முடியாது. அதைவிட, போன் மகனுடையது. மகன் கடலுக்கோ வேலைக்கோ போனால் போனும் போய்விடும். வீட்டுக்கு மாதம் 300 ரூபா மிச்சம் என்று எழுதும்போது, அம்மம்மாவின் பகல் முழுதும் வெறுமையாவதையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும்.

மழைக்காலம். மார்கழி மழையில் டிஷ் படம் உறைவது எல்லோரும் அறிந்தது. ஆனால் மழை விட்டால் அது திரும்பி வரும். கரண்ட் நீண்ட நேரம் நின்றால் தொலைபேசிக் கோபுரங்களும் விழும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே போயின. ஆகவே டிஷ்ஷை வைத்திருந்தாலும் இணையத்துக்கு மாறினாலும், பற்றரியில் ஓடும் ஒரு சின்ன வானொலி வீட்டில் இருக்கட்டும்.

மூன்றாவது வழி: அன்ரனா

டிஷ்ஷா இணையமா என்ற விவாதத்தில் மறக்கப்படுவது கூரை அன்ரனா. ரூபவாஹினி, ஐரிஎன், வசந்தம், சக்தி போன்ற உள்நாட்டு அலைவரிசைகள் தரைவழியாக இலவசமாக ஒலிபரப்பாகின்றன. மாதக் கட்டணமும் இல்லை, டேட்டாவும் இல்லை. எது தெளிவாக விழும் என்பது ஊருக்கு ஊர், கம்பத்தின் உயரத்துக்கு ஏற்ப மாறும். பக்கத்து வீட்டில் அன்ரனா இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உங்கள் வீட்டில் டிஷ் வைத்திருப்பது செய்திக்கும் உள்நாட்டு நிகழ்ச்சிக்கும் மட்டும்தான் என்றால், உண்மையான மிச்சம் இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டு நாடகங்களுக்காக என்றால் இது போதாது.

நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எந்த நாள், யார், எந்த அலைவரிசை, எத்தனை மணித்தியாலம். பல வீடுகளில் 60, 70 அலைவரிசைக்குக் காசு கட்டி ஐந்தைத்தான் பார்க்கிறார்கள். அந்த ஐந்தும் குறைந்த விலைப் பொதியில் இருந்தால், டிஷ்ஷைக் கழற்றாமலே பொதியைக் குறைக்கலாம். பெரும்பாலான வீடுகளுக்கு மிகச் சுலபமான மிச்சம் இதுவே.

இரண்டாவது, உங்கள் டிஷ் முற்கொடுப்பனவா பிற்கொடுப்பனவா என்று பாருங்கள். பிற்கொடுப்பனவு என்றால் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பில் ஏறும். கட்டாமல் விட்டால் நிலுவை சேரும். முறைப்படி அறிவித்து, நிலுவை இல்லை என்று உறுதி வாங்கிய பிறகே கைவிடுங்கள். முற்கொடுப்பனவு என்றால், கடல் கொந்தளித்து தொழில் இல்லாத மாதங்களில் ரீலோட் போடாமல் விட்டு, கை ஓடும்போது மீண்டும் போடலாம்.

மூன்றாவது, டிஷ்ஷை நிறுத்தாமல் ஒரு மாதம் இணையத்தில் மட்டும் பார்த்துப் பாருங்கள். மாத முடிவில் டேட்டாவுக்கு எவ்வளவு போனது என்று கொப்பியில் இருக்கும். அந்த ஒரு மாதச் செலவு, பிழையான முடிவின் ஒரு வருடச் செலவைவிடக் குறைவு.

நான்காவது, தரத்தைக் கையால் குறையுங்கள். யூடியூபிலும் மற்றச் செயலிகளிலும் டேட்டா சேமிப்பு முறை இருக்கிறது. தானாக அடுத்த வீடியோ ஓடுவதை நிறுத்துங்கள். பிள்ளை நித்திரையான பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவும் உங்கள் காசில்தான் ஓடுகிறது. இரவு டேட்டா தனியாகத் தரும் பொதி என்றால், தரவிறக்கும் வசதியுள்ள செயலிகளில் நாடகத்தை அந்த நேரத்தில் இறக்கி, மறுநாள் பாருங்கள்.

ஐந்தாவது, ‘அன்லிமிட்டட்’ என்ற சொல்லைக் கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும்? எந்தச் செயலிக்கு மட்டும்? ஹொட்ஸ்பொட் போட்டு ரீவியில் பார்க்கலாமா? யூடியூப் பொதி வாங்கி வேறு செயலி திறந்தால் முதன்மை டேட்டாவிலிருந்துதான் கழியும்.

ஆறாவது, பேஸ்புக்கில் சில நூறு ரூபாவுக்கு விற்கும் ‘நெட்ஃபிளிக்ஸ் அக்கவுண்ட்’களையும், எல்லாச் சனலும் காட்டும் என்று விற்கும் பெட்டிகளையும் நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள். அவை உரிமமற்றவை. ஒரு நாள் நின்றுபோனால் முறையிட இடமில்லை. இந்தியாவில் ஓடும் செயலிகள் எல்லாம் இலங்கையில் அதே விலைக்கு, அதே நிகழ்ச்சிகளோடு திறப்பதும் இல்லை. காசு கட்ட முன் இங்கே ஓடுகிறதா என்று பாருங்கள்.

யாருக்கு எது

கணக்கின் முடிவை இப்படித் தொகுக்கலாம். இளம் குடும்பம், ரீவி முன் இருக்க நேரமில்லை, போனில் நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் டிஷ்ஷை நிறுத்தலாம். முதியவர் இருக்கும் வீடு, நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ரீவி ஓடும் வீடு, பல பேர் சேர்ந்து பார்க்கும் வீடு என்றால் டிஷ்ஷை வைத்துக்கொண்டு பொதியைக் குறைப்பதே மலிவு. உள்நாட்டு அலைவரிசை மட்டும் போதும் என்றால் அன்ரனா. படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில், எந்த வழியை எடுத்தாலும் பிள்ளையின் டேட்டாவை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியில்தான் நாடகம்.

இரண்டையும் முழுதாக வைத்திருப்பதுதான் மிக விலை கூடிய வழி. டிஷ்ஷுக்கும் கட்டி, அது ஓடும்போதே ஆளுக்கொரு போனில் வீடியோ பார்க்கும் வீடுகளே இன்று அதிகம். டிஷ்ஷைக் கழற்றுவதா என்று யோசிப்பதற்கு முன், மாலையில் ரீவி ஓடும் நேரத்தில் போன் டேட்டாவை நிறுத்தி வைப்பதால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு மாதம் பாருங்கள். அதற்குப் புதிதாக ஒரு சாமானும் வாங்கத் தேவையில்லை.